எதிரணியோடு சேர்ந்து கல்விச் சட்டம்: டெட் கென்னடி எடுத்த முடிவு சரிதானா?

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் கல்வியும் மக்கள் பிரதிநிதிகளும் என்ற தலைப்பில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி, அதாவது டெட் கென்னடி, 2001-ஆம் ஆண்டில் செய்த ஒரு காரியத்தில் என் மனம் சிக்கிக்கொண்டது.

மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து 1962 முதல் செனட்டில் இருந்த அவர், ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிக் குரலாகவே அறியப்பட்டவர். 2001-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ் எதிர்க்கட்சிக்காரர் என்பது மட்டுமல்ல, தேர்தல் முடிவே உச்ச நீதிமன்றம் வரை போய், இரண்டு கட்சிகளுக்கும் இடையே கசப்பு ஆறாமல் இருந்த நேரம் அது. அப்படியிருந்தும் கென்னடி புஷ்ஷோடு உட்கார்ந்து பேசி, 'எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது' என்று பெயரிடப்பட்ட பள்ளிக் கல்விச் சட்டத்தை உருவாக்கினார். 2001 டிசம்பர் 18 அன்று 87-க்கு 10 என்ற வாக்குக் கணக்கில் செனட் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே, பேசிய பணம் வரவில்லை என்று கென்னடியே வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டத் தொடங்கினார்.

என் கேள்வி இதுதான். கையில் பணம் வந்து சேராத நிலையில், கொள்கைக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்த ஒரு மக்கள் பிரதிநிதி செய்தது நல்ல ஒத்துழைப்பா, அல்லது அவசரப்பட்டு விட்டுக்கொடுத்ததா? இதை ஏட்டுக் கேள்வியாக நான் கேட்கவில்லை. 2024-25-ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்காக ஒன்றிய அரசிடமிருந்து தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் நின்றுபோனது. அந்தக் காலத்தில், வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியருக்குச் சம்பளம் தள்ளிப்போயிற்று. பேருந்துக் கட்டணத்தைக் கடன் வாங்கிக்கொண்டு அவர் வந்ததை நான் அறிவேன். காது கேளாத எங்கள் மாணவி ஒருத்தி அவர் வரும் நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். கொள்கையில் உடன்படாதவர்கள் பணத்தில் எப்படி உடன்படுவது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வரவுசெலவு எழுதியது:

ஐயா, வணக்கம். பொது நிதி படித்தவன் என்ற முறையில் பணத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் கென்னடியின் கதை முழுவதும் அங்கேதான் முடிச்சு விழுந்திருக்கிறது.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு திட்டத்துக்குப் பணம் இரண்டு வாசல்களைத் தாண்டி வர வேண்டும். முதல் வாசல், இந்தத் திட்டத்துக்கு இந்த ஆண்டில் இவ்வளவு வரை செலவிடலாம் என்று சட்டமே எழுதிவைக்கும் அனுமதித் தொகை. இரண்டாவது வாசல், ஒவ்வோர் ஆண்டும் வேறொரு குழு தனியாக நிறைவேற்றும் ஒதுக்கீடு. வீட்டுக்கு எஸ்டிமேட் போடுவது வேறு, சனிக்கிழமை கொத்தனார் கையில் கூலியை எண்ணி வைப்பது வேறு அல்லவா? கென்னடி தலைமை வகித்த கல்விக் குழுவுக்கு எஸ்டிமேட் போடும் அதிகாரம்தான் இருந்தது.

எண்களைப் பார்த்தால் தெளிவாகும். ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்குப் போகும் 'டைட்டில் ஒன்' நிதி, 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட பள்ளிக் கல்விச் சட்டத்தில் தோன்றியது. புதிய சட்டம் அதற்கு 2002-ஆம் நிதியாண்டில் 1,350 கோடி டாலர் என்று தொடங்கி, 2007-இல் 2,500 கோடி டாலர் வரை ஏறும் அனுமதித் தொகையை எழுதியது. உண்மையில் ஒதுக்கப்பட்டதோ 2002-இல் ஏறத்தாழ 1,035 கோடி, 2007-இல் ஏறத்தாழ 1,280 கோடி டாலர். அதாவது ஐந்தாண்டு முடிவில், எழுதப்பட்டதில் பாதியளவுதான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இருந்தாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதே நியாயம். சட்டத்துக்கு முந்தைய 2001-இல் அந்த நிதி ஏறத்தாழ 880 கோடி டாலராகத்தான் இருந்தது. பேரம் பேசாமல் வெளியே நின்றிருந்தால் அந்த முதலாண்டு உயர்வே கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். கென்னடி ஏமாந்துவிட்டார் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுத எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

அவர் எப்படிப் பேரம் பேசினார் என்பதையும் உங்கள் உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000 டிசம்பரில் புஷ் கல்வி குறித்து ஆஸ்டின் நகரில் இரு கட்சி உறுப்பினர்களையும் கூட்டிப் பேசியபோது கென்னடிக்கு அழைப்பே இல்லை. அவர் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 2001 ஜனவரியில் வெள்ளை மாளிகை அழைத்ததும் போய், எதில் உடன்பட முடியும், எதில் முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொண்டார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்து, ஏழை மாணவர், கறுப்பின மாணவர், மாற்றுத்திறனாளி மாணவர் எனத் தனித்தனியாக முடிவை வெளியிட வேண்டும் என்பது புஷ்ஷின் விருப்பம். பள்ளியின் சராசரிக்குப் பின்னால் இந்தக் குழந்தைகள் மறைந்துபோகிறார்கள் என்பது கென்னடிக்கும் நெடுநாள் கவலை. எனவே அதில் உடன்பட்டார். பொதுப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுக்கும் வவுச்சர் முறையை அவர் ஏற்கவே மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். புஷ் அதைக் கைவிட்டார். அதற்கு ஈடாக, தொடர்ந்து பின்தங்கும் பள்ளிகளின் மாணவர்கள் டைட்டில் ஒன் நிதியிலிருந்து தனிப்பயிற்சி பெறலாம், அதைத் தனியார் நிறுவனங்களும் தரலாம் என்பதற்குக் கென்னடி இசைந்தார்.

மேலவையில் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஜட் கிரெக்கும், கீழவையில் குடியரசுக் கட்சியின் ஜான் போனரும் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மில்லரும் என நான்கு பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரிவரியாக எழுதினார்கள். 2001 செப்டம்பர் 11 காலை, இளங்குழந்தைகளின் கல்வி குறித்துக் கென்னடியின் குழுவின் முன் சாட்சியம் சொல்ல வந்திருந்தவர் புஷ்ஷின் மனைவி லாரா புஷ். தாக்குதல் செய்தி வந்து விசாரணை தள்ளிவைக்கப்பட்டபோது, கென்னடி அவரைத் தம் அறையில் அமர்த்தி, சுவரில் இருந்த படங்களையும் நினைவுப் பொருள்களையும் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கிரெக்கும் உடன் இருந்தார். எதிரணியில் இருப்பவரை மனிதராகப் பார்க்கும் அந்தப் பழக்கம் இல்லாமல் அந்தச் சட்டம் பிறந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். 2002 ஜனவரி 8 அன்று போனரின் தொகுதியான ஒஹாயோவின் ஹாமில்டனில் சட்டம் கையெழுத்தானது. அதே நாளில் புஷ் அந்த நால்வரோடு நியூ ஹாம்ப்ஷயருக்கும் பாஸ்டனுக்கும் போய், கென்னடியின் சொந்த ஊர் மக்கள் முன்னிலையில் அவரைப் பாராட்டினார்.

மாசசூசெட்ஸ் அம்மா எழுதியது:

வணக்கம் சார். பதினெட்டு ஆண்டுகளாக நான் மாசசூசெட்ஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பறை உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஊர் மதுரைப் பக்கம். வரவுசெலவு அவர்கள் சொன்ன எண்கள் வகுப்பறைக்குள் வரும்போது எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேர்வு வாரம் வந்ததும் எங்கள் முதல் வேலை, சுவரில் இருக்கும் வாய்பாட்டு அட்டைகளையும் சொல் அட்டைகளையும் பழுப்புத் தாள் ஒட்டி மறைப்பது. குழந்தைகள் ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய சுவர் ஒரே நாளில் வெறுமையாகிவிடும். ஒரு முறை, இந்தியாவிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நம் தமிழ்ப் பையன் ஒருவன் ஆங்கில வாசிப்புப் பகுதியைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தான். மறுபடி எடுக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அவனோடு ஒரு வார்த்தை தமிழில் பேச அனுமதி இல்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

ஆனால் அதே தேர்வின் முடிவு வந்தபோது, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்று ஒரு தனி வரி அறிக்கையில் இருந்தது. அந்த வரியைக் காட்டித்தான் எங்கள் தலைமையாசிரியர் நகரக் கல்விக் குழுவிடம் இன்னொரு மொழி ஆசிரியர் கேட்டார். இரண்டு ஆண்டு கேட்ட பிறகு அரைநேர ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். அந்தத் தனி வரிக்காகக் கென்னடி போராடியது வீண் என்று என்னால் சொல்ல முடியாது. அரைநேரத்துக்குப் பதில் முழுநேர ஆசிரியர் வந்திருந்தால் அந்தப் பையன் பென்சிலைக் கீழே வைத்திருக்க மாட்டான் என்பதையும் என்னால் மறக்க முடியாது.

எங்கள் மாநிலத்தில் தேர்வு புஷ்ஷின் சட்டத்தால் வந்ததல்ல என்பதையும் கவனியுங்கள். 1993-இலேயே இங்கே ஒரு கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஏழை நகரங்களின் பள்ளிகளுக்கு மாநிலப் பணம் பெருமளவு கூடியது. அதோடு இணைத்துத்தான் 1998-இல் தேர்வு தொடங்கியது. பணமும் பொறுப்பும் சேர்ந்தே வந்தன. தம் சொந்த மாநிலத்தில் பார்த்த அந்த முறைதான் நாடு முழுவதற்கும் வரும் என்று கென்னடி எதிர்பார்த்திருப்பார் என்பது என் எண்ணம்.

தனிவாக்கு எழுதியது:

நண்பர்கள் இருவரும் கென்னடியிடம் மிகுந்த கனிவோடு பேசியிருக்கிறீர்கள். அந்தப் பத்துப் பேரைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எதிர்த்து வாக்களித்த பத்துப் பேரில் ஒருவர் மின்னசோட்டாவின் பால் வெல்ஸ்டோன். கென்னடியின் கட்சிக்காரர், அதே குழுவில் இருந்தவர், செனட்டுக்கு வருவதற்கு முன் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்தவர். தேர்வில் தேற வேண்டும் என்று குழந்தையிடம் கேட்கும் அரசு, அந்தக் குழந்தைக்குத் தேறுவதற்கான ஆசிரியரையும் புத்தகத்தையும் முதலில் கொடுக்க வேண்டும் என்பதே அவர் வாதம். பணம் உறுதியாகாமல் தேர்வை மட்டும் உறுதியாக்குவது ஏழைப் பள்ளிகளைத் தண்டிப்பதில் போய் முடியும் என்று அவர் அஞ்சினார்.

இன்னொருவர் வெர்மான்ட்டின் ஜேம்ஸ் ஜெஃபர்ட்ஸ். இவருடைய கதை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது, ஐயா, ஏனென்றால் இதில் உங்கள் சிறப்பாசிரியர் இருக்கிறார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்காக 1975-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியபோது, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்று எழுதினார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் வந்தது அதில் பாதிகூட இல்லை. 2001-இல் குடியரசுக் கட்சியில் இருந்த ஜெஃபர்ட்ஸ், இந்தப் பணத்தை முழுமையாக்குங்கள் என்று தம் கட்சித் தலைமையிடம் மன்றாடினார். அவர்கள் வரிக்குறைப்பையே முன்வைத்தார்கள். 2001 மே 24 அன்று அவர் கட்சியை விட்டு விலகுவதாக அறிவித்தார். செனட் அப்போது 50-க்கு 50 என்று சரிபாதியாக நின்றதால், அந்த ஒருவரின் விலகலில் பெரும்பான்மையே ஜனநாயகக் கட்சியிடம் போனது. ஜெஃபர்ட்ஸ் வகித்துவந்த கல்விக் குழுத் தலைமை கென்னடியின் கைக்கு வந்ததும் அதனால்தான்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு என்ன நடந்தது? சிறப்புக் கல்விக்கான நிதியை ஆண்டுதோறும் கட்டாயமாகக் கொடுத்தே தீர வேண்டும் என்னும் திருத்தத்தைச் செனட் ஏற்றிருந்தது. இரு அவைகளும் கூடி இறுதி வடிவம் எழுதியபோது அது விழுந்துவிட்டது. பணத்தைச் சட்டத்தோடு கட்டிப்போடக் கிடைத்த கயிறு அது ஒன்றுதான். குழுத் தலைவராகக் கென்னடி அதற்காகச் சட்டத்தையே நிறுத்திவைக்கத் துணிந்திருக்கலாம். துணியவில்லை. ஜெஃபர்ட்ஸ் எதிர்த்து வாக்களித்தார்.

2013-14-க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்பது சட்டத்தின் இலக்கு. 2011-இல் நாட்டின் பள்ளிகளில் ஏறத்தாழப் பாதி அந்த ஆண்டுக்கான படியைக்கூடத் தொடவில்லை. அதன் பிறகு ஒபாமா அரசு மாநிலங்களுக்கு விலக்கு கொடுக்கத் தொடங்கியது. வெல்ஸ்டோன் 2002 அக்டோபரில் விமான விபத்தில் இறந்துவிட்டதால், தாம் அஞ்சியது நடந்ததைப் பார்க்கவில்லை. ஒத்துழைப்பைப் பாராட்டும்போது, ஒத்துழைக்க மறுத்தவரின் அக்கறையைக் குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கரும்பலகை எழுதியது:

நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாக எழுதியிருக்கிறீர்கள், மூவருக்கும் நன்றி. ஜெஃபர்ட்ஸைப் பற்றி நான் படித்திருக்கவே இல்லை. இன்னொரு சந்தேகம்: நம் நாட்டில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கென்னடியைப் போலவோ ஜெஃபர்ட்ஸைப் போலவோ நடந்துகொள்ள இடம் இருக்கிறதா?

பழைய மதிப்பெண் எழுதியது:

தம்பி, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்கிறேன்.

அவையில் வாக்களிக்கும் இடத்தில் அநேகமாக இடம் இல்லை. 1985-இல் நம் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். கட்சித் தாவலைத் தடுக்க வந்த அந்தச் சட்டம், ஒரு கல்வி மசோதாவில் தனியாகச் சிந்தித்து வாக்களிக்கும் வாய்ப்பையும் சேர்த்தே அடைத்துவிட்டது.

ஆனால் நிலைக்குழுக்களின் கதவு திறந்திருக்கிறது. துறைவாரியான நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் 1993 முதல் இருக்கின்றன. எல்லாக் கட்சியினரும் அதில் உண்டு, கொறடா உத்தரவு அங்கே செல்லாது. நீங்கள் குறிப்பிட்ட 2,152 கோடி ரூபாய் விவகாரத்திலேயே, திக்விஜய் சிங் தலைமையிலான கல்வி நிலைக்குழு 2025 மார்ச்சில் தன் அறிக்கையில், பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக மாநிலங்களின் பள்ளிக் கல்வி நிதியை நிறுத்திவைப்பது நியாயமில்லை என்று சொன்னது. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் இடம்பெற்ற குழு அது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் பணம் வந்துவிடவில்லை. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் வேறுபட்ட கட்சிக்காரர்கள் கொள்கைச் சண்டையையும் குழந்தையின் பணத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த ஆவணம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. உங்கள் வாசகர் வட்டத்தில் அந்தப் பகுதியை நிச்சயம் வாசித்துக் காட்டுங்கள்.

தனிவாக்கு அவர்கள் கென்னடியின் மேல் வைத்த குறையை நான் பெருமளவு ஏற்கிறேன். ஆனால் அவர் திறந்த பாதையில் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள். 2015-இல் குடியரசுக் கட்சியின் லாமர் அலெக்சாண்டர் கல்விக் குழுத் தலைவராக வந்து, புஷ் காலத்துச் சட்டத்துக்கு மாற்றாகத் தம் தரப்பிலிருந்து ஒரு வரைவை வெளியிட்டார். எதிரணியின் பேட்டி மர்ரே, இளஞ்சிறார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், இதை வைத்துக்கொண்டு நாம் பேச முடியாது, முதலிலிருந்து இருவரும் சேர்ந்து எழுதுவோம் என்று கேட்டுக்கொண்டார். அலெக்சாண்டர் முன்னாள் ஆளுநர், கல்வித் துறையின் முன்னாள் அமைச்சர். அவர் தம் வரைவை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். குழுவில் 22-க்கு 0 என்று நிறைவேறிய அந்தச் சட்டம், டிசம்பரில் செனட்டில் 85-க்கு 12 என்று நிறைவேறியது. ஆண்டுத் தேர்வும், ஒவ்வொரு பிரிவு மாணவரின் முடிவையும் தனித்தனி வரியாக வெளியிடுவதும் அதில் தொடர்ந்தன. தேறாத பள்ளியை என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களுக்குத் திரும்பியது. நம் மாசசூசெட்ஸ் சகோதரி சொன்ன அந்தத் தனி வரி இன்றும் இருப்பதற்கு இந்த இருவரும் காரணம்.

நம் ஊரில் வேறொரு விதமான ஒத்துழைப்பைப் பார்த்தே நான் முப்பத்து நான்கு ஆண்டு பணிபுரிந்தேன். காமராசர் காலத்து மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரிவாக்கினார். 1989-இல் ஆட்சிக்கு வந்த கலைஞர் அதில் முட்டை சேர்த்தார். 2022-இல் காலை உணவு வந்தது. மேடையில் ஒருவரை ஒருவர் கடுமையாகத் தாக்கிக்கொண்டவர்கள், முன்னவர் வைத்த அடுப்பை அணைக்கவில்லை. அடுப்பு எரிகிறதா என்பதைத் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளை அன்றாடம் பார்க்கிறது, பெற்றோரும் பார்க்கிறார்கள், அதனால் எந்த அரசும் கைவைக்கத் துணியாது. சிறப்பாசிரியரின் சம்பளம் அப்படி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவர் ஒரு வாரம் வராவிட்டால் அது உங்களுக்கும் அந்த மாணவிக்கும் மட்டுமே தெரியும். பேசிய பணம் வராமல் போவதற்கு அங்கேயும் இங்கேயும் இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்க முடிந்தால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று கேட்காதீர்கள். எழுதிய தொகை எவ்வளவு, ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, இந்த மூன்றையும் ஆண்டுதோறும் அவையில் கேள்வியாக எழுப்புவீர்களா என்று கேளுங்கள்.

கரும்பலகை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன அந்த மூன்று எண்களையும் திரட்டத் தொடங்கிவிட்டேன். எங்கள் சிறப்பாசிரியரையும் அன்றைய கூட்டத்துக்கு வந்து பேசும்படி கேட்டிருக்கிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை என்று தயங்குகிறார். அவர் ஒப்புக்கொண்டால், அவர் பேசி முடித்த பிறகே நான் கென்னடியைப் பற்றித் தொடங்குவேன்.